ஆய்வுக்குரிய வாக்கு

எழுதுகிறவர்கள் கூடுகிற இடத்தில் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் அது அதிக நேரம் நிற்பதில்லை. ஒருவர் சிரிப்பார். இன்னொருவர் தான் ஓட்டுப் போட்டுப் பத்து வருஷமாயிற்று என்பார், சிகரெட்டை விட்டவர் சொல்கிற தொனியில். மூன்றாமவர் நோட்டா. பிறகு பேச்சு கவிதைக்குத் திரும்பிவிடும். இந்த அலட்சியத்தின் மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. அதற்கு அவர்களிடம் காரணங்கள் உண்டு. அவற்றில் சில நல்ல காரணங்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று மூன்று இதழ்கள் தொடர்ந்து சண்டை போடக்கூடியவர்கள், தங்களைப் பெயர் சொல்லி அழைத்து, 'நீ யார்?' என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிற ஒரு பிரதியைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. 1961ஆம் வருஷத்தின் தேர்தல் நடத்தும் விதிகளைச் சொல்கிறேன்.

அதை நான் படிக்க நேர்ந்தது இலக்கிய ஆர்வத்தால் அல்ல. வங்கி ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அழைப்பது வழக்கம். எங்களில் பலருக்கு வருவது நுண் பார்வையாளர் என்கிற வேலை. சாவடியில் ஒரு நாற்காலி கொடுப்பார்கள். காலை முதல் மாலை வரை நடப்பதைப் பார்க்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், தலையிடக் கூடாது. முடிந்ததும் பார்வையாளருக்கு அறிக்கை தர வேண்டும். விமர்சகனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். 2024 மக்களவைத் தேர்தலுக்காக எனக்கு அந்த உத்தரவு வந்தபோது, பயிற்சி வகுப்பில் சொன்னது போதாது என்று பட்டு, விதிகளையே எடுத்துப் படித்தேன். சட்டப் புத்தகத்தின் மொழி வறண்டதுதான். ஆனால் அந்த வறட்சிக்குள் ஒரு மனிதன் வாசலில் வந்து நிற்பதும், அவனை ஒருவர் மறிப்பதும், அவன் பதில் சொல்வதும் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. நம்முடைய யதார்த்த நாவல்களில் இவ்வளவு பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை.

மக்களிடம் புழங்குகிற பிரதி வேறு. தேர்தல் நெருங்கினால் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின்படி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டு 14 சதவிகிதத்தைத் தாண்டினால் மறு வாக்குப்பதிவு நடக்கும் என்கிறது அது. ஓட்டுப் போடுகிறவனை ஒரு வீரனாக்கி அனுப்புகிற தோரணை. இதில் உண்மை ஒன்றே ஒன்று: டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருக்கிறது. 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. அதைக் காட்டி எவரும் ஓட்டுக் கேட்க முடியாது. 14 சதவிகிதம் என்ற கணக்கு விதிகளில் எங்கும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையை நீட்டினாலும் அந்தச் சாவடியில் ஓட்டு இல்லை. 'சேலஞ்ச்' என்பது வாக்காளர் கேட்டுப் பெறுகிற வரம் அன்று. வாக்காளரைப் பார்த்து இன்னொருவர் எழுப்புகிற ஆட்சேபணை அது. செய்தியை எழுதியவர் அர்த்தத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்.

வதந்தி தருகிற உரிமை எப்போதும் சட்டம் தருவதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதனால்தான் அது கெடுதல் செய்கிறது. இல்லாத பிரிவைச் சொல்லிச் சண்டை போட்டு அவமானப்பட்டு வெளியே வந்தவர், இருக்கிற பிரிவையும் பிறகு நம்பமாட்டார்.

இருக்கிற விதிகள் அப்படியொன்றும் சிறியவை அல்ல. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் 'கந்தசாமி' என்பது 'கந்தசமி' என்று அச்சாகியிருக்கிறது, வயது 47 என்பது 74 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்கிற ஆள் அவர்தான் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், வெறும் எழுத்துப்பிழையையும் அச்சுப்பிழையையும் அவர் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று விதி சொல்கிறது. நம் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாசகத்தின் பெருந்தன்மை புரியும். வீட்டுக்கு வந்து கொடுத்துப் போகிற வாக்காளர் சீட்டை மட்டும் அடையாளமாக ஏற்பதில்லை என்று 2019ல் ஆணையம் முடிவு செய்தது. ஆனால் வாக்காளர் அட்டை கைவசம் இல்லாதவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம் என்று மாற்று ஆவணங்களின் வரிசையே உண்டு. கண் தெரியாதவரும், உடல் இயலாமையால் சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவரும் பதினெட்டு வயதான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். துணை வருபவர் அன்றைக்கு இன்னொருவருக்குத் துணை போகக் கூடாது; பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாமை இந்த இயலாமையில் சேராது. எழுத்து தெரியாதவருக்குச் சின்னம் தெரியும், அவர் தனியாகவே உள்ளே போகலாம் என்பது சட்டத்தின் நம்பிக்கை. தாய்க்கும் மாமியாருக்கும் ஓட்டை நானே போட்டுவிடுகிறேன் என்று கூட நுழைகிற மகன்களுக்கு இந்த நம்பிக்கை கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆட்சேபணையைப் பற்றிய விதி. வாக்காளர் வந்து நிற்கிறார். பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார்கள். கட்சி ஏஜெண்டுகளில் ஒருவர், 'இது அந்த ஆள் இல்லை' என்கிறார். சும்மா சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அதன் பிறகு தலைமை அலுவலர், ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று வந்தவரை எச்சரிக்கிறார். பட்டியலில் உள்ள பதிவை முழுசாகப் படித்துக் காட்டி, 'இது நீங்கள்தானா?' என்று கேட்கிறார். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குகிறார். அப்புறம் அங்கேயே ஒரு சுருக்கமான விசாரணை. ஆட்சேபித்தவரிடம் நிரூபணம் கேட்கலாம். ஆட்சேபிக்கப்பட்டவரிடமும் அத்தாட்சி கேட்கலாம், சத்தியம் வாங்கலாம். ஆட்சேபணை நிலைநாட்டப்படாவிட்டால் ஓட்டுப் போட அனுமதிக்க வேண்டும். வீம்புக்காகச் செய்த ஆட்சேபணை என்று தெரிந்தால் அந்த இரண்டு ரூபாய் சர்க்காருக்குப் போய்விடும்.

இரண்டு ரூபாயை வைத்து யாரும் சிரிக்கலாம். அன்றாடம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. வங்கியில் சந்தேகம் இலவசம். பணம் எடுக்க வந்தவரின் கையெழுத்து எங்கள் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், சந்தேகப்பட்ட எங்களுக்கு ஒரு செலவும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்தை நடுங்குகிற கை மறுபடியும் போட்டுக் காட்ட வேண்டும். 'நான்தான் சார் இது' என்பதை நாங்கள் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. வாக்குச்சாவடியில் மட்டும், சந்தேகப்படுகிறவன் தன் சட்டைப் பையில் கைவிட வேண்டும் என்று எவரோ நினைத்திருக்கிறார்கள். நம் அன்றாடத்தில் வேறு எந்த அலுவலகத்திலும் இந்த ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

டெண்டர் ஓட்டுக்கு வருகிறேன். விதி 49பி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் லிபியில் ஒரு சங்கடம்: 49ஏ-க்கு அடுத்து வருகிற விதியும் 49பி, அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தோடு வருகிற விதியும் 49பி. முதலாவது, தேர்தல் அதிகாரி இயந்திரத்தைத் தயார்செய்வது பற்றி. இரண்டாவதுதான் நாம் பேசுவது. தமிழில் மட்டும் படித்துவிட்டுத் தப்பான பக்கத்தைத் திறக்கிறவரைக் குறை சொல்ல முடியாது. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' படம் அந்த எண்ணைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட வருகிறான் நாயகன். அவன் ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அங்கிருந்து கதை கிளம்புகிறது. எந்தக் கையேடும் செய்யாத காரியத்தை அந்தப் படம் செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு ஒரு தவறான எண்ணத்தையும் விட்டுச் சென்றது. இந்த உரிமையைக் கேட்கப் பெரும் பணமும் வக்கீல் படையும் வேண்டும் என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும். விதி கேட்பது அவ்வளவு இல்லை. உங்கள் பெயரில் முன்பே ஒருவர் வாக்களித்துவிட்டார், நீங்கள் வருகிறீர்கள், நீங்கள் யார் என்பது குறித்துத் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொல்கிறீர்கள், உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தரப்பட வேண்டும். அதற்கென ஒரு பட்டியல் உண்டு, 17பி படிவம். அதில் கையெழுத்துப் போட்டு, மறைவிடம் போய் முத்திரை குத்தி, மடித்துக் கொடுக்கிறீர்கள். அவர் அதைத் தனி உறையில் வைக்கிறார்.

அந்த உறையை வாக்கு எண்ணுகிற அன்று பிரிப்பதில்லை. சீட்டும் எண்ணப்படுவதில்லை.

தமிழில் இதற்கு அதிகாரபூர்வமான பெயர் ஆய்வுக்குரிய வாக்கு. டெண்டர் என்றதும் நமக்குப் பொதுப்பணித் துறையும் ஒப்பந்தக்காரர்களும் ஞாபகம் வருவதால் இந்தப் பெயர் நல்லதுதான். ஆனால் ஆங்கிலச் சொல்லின் மூலத்தில் கை நீட்டிக் கொடுப்பது என்ற செயல் இருக்கிறது. அதே சொல் என் தொழிலிலும் உண்டு: லீகல் டெண்டர். கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சட்டம் கட்டாயப்படுத்துகிற பணம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆவது பிரிவு நோட்டுக்கு அந்தத் தகுதியைக் கொடுக்கிறது. அதே பிரிவைக் கொண்டுதான் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளிடமிருந்து அந்தத் தகுதியைப் பறித்தார்கள். அந்த நவம்பரில் வங்கிக்கு நோட்டு மாற்ற வந்தவர்களின் விரலில் தேர்தல் மையையே வைக்கச் சொன்னார்கள் என்பதை மறந்திருக்கலாம். நான் வைத்திருக்கிறேன். நவம்பர் 19 அன்று தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளில் வாக்குப்பதிவு இருந்தது. இந்த மை அந்த மையோடு குழம்பிவிடும் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்கு எழுதியது. தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் மே மாதமே நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. வாக்காளர்களுக்குப் பணம் விநியோகம் ஆனதென்று ரத்து செய்யப்பட்டு ஆறு மாதம் கழித்து நடந்தது. வாங்காதவருடைய ஓட்டும் சேர்ந்துதான் ஆறு மாதம் காத்திருந்தது.

கை நீட்டிக் கொடுத்தால் மறுக்க முடியாதது ஒன்று. கை நீட்டி வாங்கிக்கொண்டும் கணக்கில் சேர்க்காதது இன்னொன்று. ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு விதி. இது ஏமாற்று வேலை என்று முதலில் எனக்குத் தோன்றியது. அழுகிற குழந்தைக்கு அட்டைப் பொம்மையைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி. அந்த அபிப்பிராயத்தை அசைத்தது நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்த சாவடியில் நடந்த ஒரு சிறிய விஷயம்.

ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பு அறை. உச்சி வெயிலுக்குப் பிறகு கூட்டம் தணிந்திருந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி வந்தார். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு விழுந்திருச்சேம்மா" என்றார். கள்ள ஓட்டா, ஒரே பெயர் கொண்ட வேறொருவருக்கு வரி மாறி அடித்த கோடா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அந்த ஊரில் அந்தப் பெயர் நாலைந்து பேருக்காவது இருக்கும். அம்மாள் சத்தம் போடவில்லை. இடது கையை நீட்டி, "மை எங்க சார் இருக்கு, காட்டுங்க" என்றார். விரலில் மஞ்சள் கறைதான் இருந்தது.

தலைமை அலுவலர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். விதி தெரிந்தவர். அவரை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டார்: தகப்பனார் பெயர், கதவு எண், வீட்டில் எத்தனை ஓட்டு, பக்கத்து வீட்டுக்காரர் யார். அம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு ஏஜெண்டுகளும், எதிரெதிர்க் கட்சிகள், இவங்கதான் சார் அவங்க என்றார்கள். ஆசிரியர் உறையைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்தார். இந்த நேரத்தில் அம்மாள் மேஜைமேல் திறந்து கிடந்த வாக்காளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டார். தம் பெயருக்கு உரிய வரிசை எண்ணுக்கு நேரே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

"நான் கைநாட்டு இல்ல சார்," என்றார். அதுவரை இல்லாத கோபம் அந்தக் குரலில் இருந்தது. "எட்டாவது வரைக்கும் படிச்சவ. அதை அடிச்சிடுங்க."

அடிக்க முடியாது என்று ஆசிரியர் விளக்கினார். பதிவேட்டில் ஒரு வரியை அழிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. வேறு பட்டியலில் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்றார். "இதை எண்ணுவீங்களா?" என்று அம்மாள் கேட்டார். "எண்ணமாட்டாங்கம்மா. கோர்ட்டுக்குப் போனாத்தான்" என்று ஆசிரியர் நேராகச் சொன்னார். அம்மாள் சற்று நேரம் யோசித்தார். பிறகு 17பி படிவத்தில், தகப்பனாரின் தலையெழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குப் போனார். தமிழ்நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தலுக்கு இயந்திரம் வந்தது 2001ல்; இருபது வருஷத்துக்கு மேலாக அவர் கை முத்திரையைப் பிடித்திருக்காது. வெளியே வந்து, மடித்ததைக் கொடுத்து, மை வைத்துக்கொண்டு போனார். நான் என் தாளில் அதை ஒரு வரியாகக் குறித்தேன்.

கைரேகைக்கும் கையெழுத்துக்கும் நடுவில் உள்ள தூரம் கவுண்டரில் இருப்பவனுக்குத் தெரியும். ரேகை வைப்பவர் நேரில் வர வேண்டும், சாட்சி வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் வீட்டில் இருந்தபடி ஒரு காசோலையை அனுப்பலாம். ஒருவரிடமிருந்து ஓட்டை எடுத்துக்கொண்டது அந்த அம்மாளுக்கு இழப்பு. அவரைப் படிக்காதவர் என்று எழுதிவைத்தது அவமானம். முதலாவதற்குச் சட்டம் அன்றைக்கு ஈடு செய்யவில்லை. இரண்டாவதற்கு ஒரு மறுப்பை எழுதிவைக்க இடம் கொடுத்தது. பதிவேட்டில் பொய் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே வேறொரு தாளில் அதற்கு எதிரான கையெழுத்தும் இருக்கும். இரண்டும் முத்திரையிடப்பட்டு ஒரே இடத்துக்குப் போகும். எவரேனும் ஒரு நாள் பிரித்தால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிரிக்க வேண்டிய நாள் வராது என்று சொல்லிவிடவும் முடியாது. 2008ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் வாங்கி, 62,216 வாங்கியவரிடம் தோற்றார். ஒரே ஒரு வாக்கு. அந்தத் தேர்தலில் விழுந்த ஆய்வுக்குரிய வாக்குகளைப் பற்றிய வழக்கு 2011ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அதுவரை உறைக்குள் கிடந்த சில சீட்டுகளைச் சுற்றி வக்கீல்கள் வாதாடினார்கள். அதைப் போட்டவர்களும் சாவடியில், 'எண்ணமாட்டார்கள்' என்ற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆனால் எல்லா விதியும் இவ்வளவு தாட்சண்யத்தோடு எழுதப்படவில்லை. நான் அழுத்தியது ஒன்று, காகிதத்தில் விழுந்தது வேறொன்று என்று புகார் சொல்ல 2013ல் ஒரு விதி சேர்த்தார்கள். ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து மறைகிற சீட்டைப் பற்றிய விதி. புகார் சொல்கிறவர், பொய்யானால் தண்டனை உண்டு என்று தெரிந்து எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு எல்லோர் முன்னிலையிலும் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். அந்தச் சோதனையில் இயந்திரம் சரியாக நடந்துகொண்டால் பொய் சொன்னவர் அவர் ஆகிறார். அடுத்தவனைச் சந்தேகிக்க இரண்டு ரூபாய். இயந்திரத்தைச் சந்தேகிக்கச் சிறை வரைக்கும் போகிற துணிச்சல். 1961க்கும் 2013க்கும் நடுவில் நம் அரசு யாரை நம்பத் தொடங்கியது என்பதை இந்த இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும்.

வாக்குரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முதலில் பதில் சொன்னது நம் ஊர் வழக்கொன்றில். 1952ல், நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவரின் வழக்கு. வாக்களிப்பதும் வேட்பாளராக நிற்பதும் பிறவியோடு வருகிற உரிமைகள் அல்ல, சட்டம் உண்டாக்கியவை, சட்டம் போடுகிற எல்லைக்குள் இருப்பவை என்றது தீர்ப்பு. அரை நூற்றாண்டு கழித்து, 2003ல், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் நீதிமன்றம் ஒரு நுட்பமான கோடு போட்டது. ஓட்டுப் போடும் உரிமை எங்கிருந்து வந்தாலும் சரி, ஒருவர் யாருக்கு என்று தீர்மானித்துப் போடுகிற அந்தச் செயல் கருத்து வெளிப்பாடு. அது பேச்சுரிமையின் பகுதி. 2013ல் அதே கழகம் தொடுத்த இன்னொரு வழக்கில் அதன் அடுத்த படி வந்தது. அதுவரை எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், 49ஓ விதிப்படி, அதை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அறையில் உள்ள அத்தனை ஏஜெண்டுகளுக்கும் தெரிந்துவிடும். மறுப்பவருக்கும் ரகசியம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னதால் நோட்டா பொத்தான் வந்தது. அதைத் தங்கள் கலகத்தின் சின்னமாகச் சொல்லிக்கொள்கிற நண்பர்களுக்கு ஒரு தகவல்: சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் ஜெயித்தவர்தான். அதுவும் ஒரு வகையில் எழுதிவைக்கிற மறுப்பே. எண்ணுகிறார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இவ்வளவும் சாவடி வாசலுக்கு உள்ளே. வாசல்வரை வர முடிந்தவர்களுக்கு. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு அன்றே, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996லிருந்து 2006 வரை பத்து வருஷம், தேர்தல் என்பது நடக்காததாகவோ, நடந்தாலும் மறுநாளே ராஜினாமா ஆவதாகவோ இருந்தது. அங்கே ஒருவருக்கு விதிகள் அத்தனையும் மனப்பாடம் ஆகியிருந்தாலும் அவற்றைச் சொல்ல ஒரு மேஜை கிடையாது. சட்டத்தை அறிந்தால் போதும் என்று எழுதுகிறவர்கள் இந்த ஊர்களின் பெயர்களை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசலும் இருக்கிறது, பட்டியல். 1951–52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, வட மாகாணங்களில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொன்னார்கள். சுகுமார் சென் தலைமையில் இருந்த ஆணையம் அப்படி எழுத மறுத்தது. சுமார் 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் நீக்கப்பட்டார்கள். பெயரோடு வரவேண்டும் என்று கேட்டதில் நியாயம் உண்டு. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். 2025ல் பீகாரில் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் புதிய வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 65 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. யார் யார், என்ன காரணத்தால் என்று வெளியிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே நவம்பரில் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. ஆய்வுக்குரிய வாக்கும் ஆட்சேபணையும் அச்சுப்பிழைக்கான மன்னிப்பும் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான். பெயர் இல்லாதவரிடம், 'நீ யார்?' என்று கேட்கக்கூட அந்த அறையில் யாருக்கும் வேலை இல்லை. அதனால் வாக்குப்பதிவுக்கு முன்பே பட்டியலைப் போய்ப் பார்ப்பதுதான் உண்மையில் முதல் உரிமை. வாட்ஸப் செய்தி அதைச் சொல்வதில்லை. அதில் வீரம் இல்லை.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். முந்நூறு பிரதி அச்சடித்து, யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல் அஞ்சலில் சேர்ப்பவர்கள், எண்ணிக்கையில் சேராத ஒன்றைப் பதிந்து வைப்பதன் மதிப்பைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு முறை விதிகளைப் படியுங்கள். படித்த பிறகும் ஓட்டுப் போடாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் திரும்பி வந்து, 'என் ஓட்டைப் போட்டுட்டாங்களாம்' என்று திண்ணையில் உட்காரும்போது, மறுபடியும் போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

ஆறு மணி ஆகிவிட்டதே என்று அவர் தயங்கினால், அதற்கும் விதி இருக்கிறது. வாக்குப்பதிவு முடிகிற நேரத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஓட்டுப் போடலாம், இரவு எவ்வளவு நேரமானாலும். அப்போது தலைமை அலுவலர் எண் எழுதிய சீட்டுகளோடு வெளியே வந்து, வரிசையின் கடைசியில் நிற்பவரிடமிருந்து கொடுக்கத் தொடங்குவார். அவருக்குப் பின்னால் வேறு யாரும் வந்து சேர முடியாதபடி. முதல் எண் அவருக்குத்தான்.